தவசியண்ணே, கூட்டல் அஞ்சரை

ஊரே குண்டாயிடுச்சான்னு கேக்குறாங்க டாக்டர் மேடம். போன்ல சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எஸ்தர், புளியங்குளத்துக்காரங்களுக்கு விருந்து எதுவும் வச்சியா, அக்டோபர்ல பாத்த அதே ஆளுங்கள இப்ப ஏப்ரல்ல பாத்தா ஆளுக்கு அஞ்சு கிலோ கூடியிருக்கு, ஆனா இடுப்பு அப்படியே இருக்கு, கழுத்து அப்படியே இருக்கு, என்னன்னு பாத்துச் சொல்லு, ஒன்றரை வரைக்கும் ஓபியிலதான் இருப்பேன். சரிங்க மேடம்னு வச்சுட்டேன். மணி பன்னெண்டு அஞ்சு. கூட வேலை பாக்குற ஹபீப் லீவு, அவன் அக்காவுக்கு நிச்சயம். டிரைவர் தவசியண்ணே சாப்பாடு வாங்க ஜீப்ப எடுத்துட்டுப் போயிருக்காரு. ஆபீஸ்ல நானும் ஃபேனும் மட்டும். வரிசை எண் அறுநூத்திப் பன்னெண்டு, உயரம் நூத்தம்பத்தி நாலு புள்ளி ரெண்டு, இடுப்பு எம்பத்தொண்ணரை, கம்ப்யூட்டர்ல அடிச்சாச்சு, அடுத்தது. எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும்னு சொன்னா அம்மாவே சிரிப்பாங்க. ஊரு ஊரா போயி நாடாவ வச்சு ஜனங்க இடுப்ப அளக்குற வேலைக்காடி எம்எஸ்சி படிச்சன்னு கேப்பாங்க. அம்மாவுக்குத் தெரியாது. ஒரு ஆளோட இடுப்பு, கழுத்து, எடை, உயரம், இந்த நாலும் சேந்து அந்த ஆளு வாயிலயும் தொண்டையிலயும் நாளைக்கு என்ன வரும்னு லேசா முணுமுணுக்குதாம், அந்த முணுமுணுப்பு ஒருத்தருகிட்ட கேக்காது, ஆயிரம் பேர வரிசையா நிக்க வச்சாத்தான் கேக்கும், அதக் கேக்குறதுதான் எங்க வேலை. ஒல்லியா இருக்கவங்களுக்கு இந்த வாய், தொண்டைக் கேன்சர் கூடுதலா காணுதுன்னு நெறைய ஆராய்ச்சி சொல்லுது, இடுப்புல மட்டும் சதை போட்டவங்களுக்கும் கூடுதுன்னு சிலது சொல்லுது. மொத நாள் மேடம் இதச் சொன்னப்ப எனக்கு முடி சிலுத்துப் போச்சு. சரி. அஞ்சு கிலோ. அஞ்சு கிலோ எங்கருந்து வந்துச்சு.

எடை கூடுனா இடுப்பு கூடணும். ஒரு ரெண்டு செண்டிமீட்டராவது கூடணும். எங்க அத்தைக்கு மூணு கிலோ கூடுனதுக்கே கல்யாணத்துக்குத் தச்ச ஜாக்கெட் எல்லாத்தையும் பிரிச்சாங்க. நாடா தப்பாயிருக்குமோ, துணி நாடா இழுபட்டா அளவு கொறச்சுக் காட்டும், ஆனா நாடாவத்தான் மாசா மாசம் இரும்பு ஸ்கேல் மேல வச்சுப் பாக்குறேனே, போன வாரங்கூடப் பாத்தேன், மயிரிழை வித்தியாசம் இல்ல. அப்ப எடைதான். எடையில என்ன இருக்கு. ஃபைல மேல தள்ளுனேன், வலது பக்கம் போனேன். எடை மெஷின் காட்டுனது ஒரு கட்டம், திருத்தம் ஒரு கட்டம், ரெண்டையும் கூட்டுனது மூணாவது கட்டம். திருத்தம்ங்கிற அந்தக் கட்டம், மெஷின் கொறச்சுக் காட்டுற அளவக் கூட்டிக்க நான் போட்டது, என் சொந்த மூளை. அக்டோபர்ல பூரா பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஜனவரியில கூட்டல் ஒண்ணு புள்ளி ரெண்டு. பிப்ரவரியில கூட்டல் ரெண்டரை. மார்ச்ல மூணு புள்ளி எட்டு. இப்ப கடேசி கேம்ப்ல கூட்டல் அஞ்சரை. அட, இவ்வளவுதானா, ஊரு குண்டாகல மேடம், நான்தான் அஞ்சரைய கூட்டியிருக்கேன்னு ஒரு நிமிசம் சந்தோசமாக்கூட இருந்துச்சு, கண்டுபிடிச்ச சந்தோசம், போன எடுத்து மேடம் நம்பரக்கூடத் தொட்டேன். தொட்ட விரல் அங்கயே நின்னுருச்சு. ஏன்னா ஊரு குண்டாகலன்னா கூட்டுனது தப்பு. கூட்டுனது தப்புன்னா மெஷின் தப்பு இல்ல. மெஷின் தப்பு இல்லன்னா, அப்ப. வரிசை எண் அறுநூத்திப் பதிமூணு, உயரம் நூத்தி அறுவத்தொண்ணு. நூத்தி அறுவத்தொண்ணா, நூத்தி அறுவத்தேழா, ஹபீப் எழுத்து. அறுவத்தேழு. போடு.

படிக்கல்லு வராததுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். ஒவ்வொரு கேம்ப்புக்கு முன்னாடியும் இருபது கிலோ இரும்புக் கல்ல மெஷின்ல வச்சு, இருபதுதான் காட்டுதான்னு பாத்துட்டுத்தான் ஜனங்கள ஏத்தணும், அதான் சட்டம். கல்லு ஸ்டோர்லருந்து வரல. ஜூலை மாசம், மொத கேம்ப், வரிசையில நாப்பது பேரு நிக்கிறாங்க. நான்தான் சொன்னேன். ஒரே ஆளு ஒவ்வொரு கேம்ப்லயும் காலையில வெறும் வயித்தோட, அதே காக்கிச்சட்டை, செருப்பு இல்லாம, சாவிக்கொத்து இல்லாம ஏறி நின்னா அதுவே ஒரு கல்லுதானேன்னு. யாரு ஏறுறது. ஹபீப் என்னப் பாத்தான், நான் ஹபீபப் பாத்தேன். நான் ஏறியிருக்கலாம். ஏறல. ஹபீப் முன்னாடி அந்தச் செவப்பு நம்பர் எழுவத்தி மூணுன்னு எரியும், அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், சொல்லாம இருப்பான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியாது. ஊருல இருக்குற பொம்பளைங்க இடுப்ப எல்லாம் கூச்சமே இல்லாம சத்தமா வாசிக்கிறேன், எனக்கு வந்தா மட்டும் வெக்கம். அண்ணே நீங்க ஏறுங்கன்னேன். தவசியண்ணே பீடம் ஏறுற சாமி மாதிரி வேட்டியத் தட்டி விடுற பாவனையெல்லாம் பண்ணிட்டு ஏறுனாரு, போட்டிருந்தது பேண்ட்டு. அறுவத்தெட்டு புள்ளி நாலு. எஸ்தரு பாப்பா, இனி நாந்தான் ஒங்க படிக்கல்லு, என்னைய பத்திரமா வச்சுக்கங்கன்னாரு. அன்னையிலருந்து ஹபீப் அவர கல்லண்ணேன்னுதான் கூப்புடுவான். டிசம்பர் வரைக்கும் கல்லு கல்லாத்தான் நின்னுச்சு, கால் கிலோ அங்க இங்க. ஜனவரியில அறுவத்தேழு புள்ளி ரெண்டு காட்டுச்சு. என்னடா மெஷின் கொறச்சுக் காட்டுதேன்னான் ஹபீப். பேட்டரி மாத்துனோம். தரை மட்டம் பாத்தோம். அன்னைக்கு ஏறுன எல்லாருக்கும் கூட்டல் ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு நான் போட்டேன். மார்ச்ல புது மெஷினே வந்துச்சு, பொட்டியப் பிரிச்சு அண்ணன ஏத்துனா அறுவத்தி நாலு புள்ளி ஆறு, பழசுலயும் கிட்டத்தட்ட அதேதான். அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கோளாறுன்னு ஹபீப் சொன்னான், நான் தலையாட்டுனேன். எம்எஸ்சி. ரெண்டு மெஷின் ஒண்ணு போல ஒரே விசயத்தச் சொல்லுது, நான் ரெண்டையும் நம்பல, மனுசன நம்புனேன், மனுசன் மாறவே மாட்டான்னு நம்புனேன்.

இரு எஸ்தரு, பதறாத. ஆளு எளைக்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். கார்த்திகையில மாலை போட்டிருந்தாரு, ஒரு பொழுதுதான் சாப்பிடுவாரு. ஆனா மாலையக் கழட்டி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. சக்கரையா இருக்கும், சக்கரைன்னா எளைக்கும், இந்த ஊர்ல யாருக்குத்தான் சக்கரை இல்ல. வெயிலு. பொண்ணு இந்த வருசம் ப்ளஸ் டூ, அந்தக் கவலை. கவலையில எளைப்பாங்கல்ல, நான் கவலையில தின்னுதான் எழுவத்தி மூணு, எல்லாரும் அப்படியா. வரிசை எண் அறுநூத்திப் பதினாலு. பெல்ட்டு. பெல்ட்டு ஏன் இப்ப ஞாபகம் வருது. பிப்ரவரியில ஒரு நாள் ஜீப் நெழல்ல உக்காந்து ஆணியக் காய வச்சு பெல்ட்டுல புது ஓட்டை போட்டுக்கிட்டிருந்தாரு, நானே பாத்தேன், அண்ணே ஸ்லிம்மாயிட்டீங்கன்னு சொல்லிட்டுப் போனேன். இட்லிக்கு மொளகாப்பொடி கேட்டு சண்டை போடுற ஆளு, இப்ப எங்க போனாலும் காரம் வேணாம்ப்பா, தயிர் இருக்கான்னு கேக்குறாரு, பல்லு கூசுதாம். புகையில. இடது கன்னத்துல பாக்கு மாதிரி ஒதுக்கி வச்சுக்கிட்டேதான் வண்டி ஓட்டுவாரு, தூக்கம் வராதாம், அதயும் ஜனவரியில விட்டுட்டாரு, ஒரே நாள்ல, யாரும் சொல்லாம. நாங்க கை தட்டுனோம். நான் ஒரு டப்பா பெப்பர்மிண்ட் வாங்கிக் குடுத்தேன், மேடம்கிட்ட பெருமையாச் சொன்னேன், நம்ம கேம்ப்போட மொத வெற்றி நம்ம டிரைவர்தான் மேடம்னு. அந்த டப்பா இன்னும் பிரிக்காம ஜீப்புல கண்ணாடிக்குக் கீழதான் கெடக்கு. எரிஞ்சதாலதான் விட்டாரா. கர்த்தரே, வாயி எரிஞ்சதாலதான் விட்டாரா. போன வாரம் பாட்டுப் போட்டப்ப அவரு கூடப் பாடல, எப்பவும் பாடுவாரு, குரலு கட்டியிருக்கு பாப்பான்னாரு, சித்திரை வெயில்ல யாருக்கு குரல் கட்டும். வேணாம். இதுக்குப் பேரு என்ன, ஒரு நம்பரப் பாத்துட்டு பழசு பூராத்தயும் அதுக்கேத்த மாதிரி தச்சுப் போடுறது. மேடம் அதத்தான் செய்யாதம்பாங்க. அன்னைக்கு மீட்டிங்ல எம்புட்டு நேரம் பேசுனோம், ஒல்லியா இருக்கறதால நோய் வருதா, இல்ல நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே உள்ள இருந்து எளைக்க வைக்குதா, நாம ரெண்டாவதப் பாத்துட்டு மொதலாவதுன்னு எழுதிடக் கூடாதுன்னு. நான் கைய தூக்கி, மேடம், ஒரே ஆள வாரா வாரம் எடை போட்டுப் பாத்தாத்தான் எது முந்தின்னு தெரியும், ஆனா அப்படி ஒரு ஆளு நமக்குக் கெடைக்க மாட்டாங்களேன்னு சொன்னேன். சொன்னப்ப தவசியண்ணே பின்னாடி எல்லாருக்கும் டீ குடுத்துக்கிட்டிருந்தாரு. எனக்கு இனிப்பு தூக்கலா.

மணி பன்னெண்டு முப்பத்தஞ்சு. உக்காந்தா முடியல. மெஷின எடுத்து தரையில வச்சேன், பூஜ்யம் வந்துச்சு. தண்ணிக் கேன் இருந்துச்சு, காலையில வந்த புதுசு, மூடி பிரிக்கல. இருபது லிட்டர் தண்ணி இருபது கிலோ, ஸ்கூல்ல படிச்சதுதான், பத்து மாசமா இந்த ரூம்ல என் கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு இந்தப் படிக்கல்லு. கட்டிப் பிடிச்சுத் தூக்கி வச்சேன், மூடியோரமா கசிஞ்சு துப்பட்டா நனைஞ்சிருச்சு. இருபது புள்ளி எட்டு. காலிக் கேன் கதவுகிட்ட இருந்துச்சு, அத வச்சேன், புள்ளி ஏழு. கழிச்சா இருபது புள்ளி ஒண்ணு. இன்னொரு தடவ. இருபது புள்ளி ஒண்ணு. கேன திருப்பி வச்சுப் பாத்தேன், திருப்பி வச்சா தண்ணி என்ன மாறவா போகுது. பழைய மெஷினயும் பீரோவுக்கு அடியிலருந்து இழுத்தேன், அதுலயும் அதேதான். அப்பறம், இருபது கிலோவுல சரியாயிருந்து அறுவதுல தப்பாயிருக்கலாமேன்னு ஒரு நப்பாசை. ரூம்ல யாரும் இல்ல. செருப்பக் கழட்டிட்டு நானே ஏறுனேன். எழுவத்தி மூணு புள்ளி ஒண்ணு. போன மாசம் பஸ் ஸ்டாண்டு மெஷின் சீட்டுல எழுவத்தி மூணுன்னுதான் வந்துச்சு. கொறையல. மெஷின் கோளாறா இருந்து என் எடை கொறைஞ்சு காட்டாதான்னு வேண்டிக்கிட்டு ஏறி, கொறையலன்னு எனக்கு அழுகை வந்துச்சு, அதுவும் எதுக்குன்னு தெரியாத மாதிரி ஒரு அழுகை. இதே மாதிரி ஜூலையில ஏறியிருந்தா. நான் ஏறி, அண்ணனும் ஏறி, ரெண்டு கல்லு இருந்திருந்தா, ஜனவரியிலயே ஒண்ணு நிக்குது ஒண்ணு கொறையுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். நாலு மாசம். ஹபீப் சிரிச்சுருவான்னு நாலு மாசம். ஃபைல சரி பண்றது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, திருத்தம் கட்டத்த மொத்தமா செலக்ட் பண்ணி பூஜ்யம் அடிச்சா புளியங்குளம் பூரா ஒரு நொடியில எளைச்சுரும்.

அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தாச்சு. டார்ச் அடிப்போம், கன்னத்த ஒதுக்கிப் பாப்போம், நாக்கத் தூக்கச் சொல்லுவோம், வெள்ளையா படை இருக்கா, ஆறாத புண்ணு இருக்கான்னு பாப்போம், அப்பறம் அவங்க விரலையே ஒண்ணு மேல ஒண்ணா மூணு விரல் நெட்டா வாய்க்குள்ள விடச் சொல்லுவோம், மூணும் போனா வாய் நல்லாத் தொறக்குதுன்னு அர்த்தம், போகலன்னா தனிச் சீட்டு, மேடம்கிட்ட அனுப்புவோம். ஊருக்கு ஊரு கெழவங்களும் கொத்தனாருங்களும் நின்னாங்க, ஜீப்ப எட்டிப் பாக்க வந்த ஆளுங்களக் கூடப் புடிச்சு நிக்க வச்சோம். ஜீப்ப ஓட்டுன ஆள நிக்க வைக்கல. அவருக்கு வரிசை எண் இல்ல. கல்லுக்கு யாரு வரிசை எண் போடுவா. ஒரு தடவ ஹபீப் வெளயாட்டுக்கு டார்ச்சத் திருப்புனப்ப, ஊரு வாயிலெல்லாம் அடி, என் வாயில மட்டும் அடிக்காத, உள்ள இருக்குற ரகசியம் வெளிய வந்துரும்னு சொல்லிச் சிரிச்சாரு. கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. எப்பருந்து வாயப் பொத்திச் சிரிக்கிறாரு. போன்ல சொல்லிரலாமா. மேடம்கிட்ட சொல்லி அவங்களே கூப்பிட்டுச் சொன்னா. அய்யோ, பெரிய டாக்டரு நேரா கூப்பிட்டா மனுசன் அப்பவே வண்டிய விட்டு எறங்கி ஓடிருவாரு. ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். இருக்கலாம், வாய்ப்புண்ணா இருக்கும், பல்லு குத்திப் புண்ணாயிருக்கும், அதனால சாப்பிட முடியல, சாப்பிடாததால எளைச்சாரு, பல்லப் புடுங்குனா சரியாயிரும், நாளைக்கே மொளகாப்பொடி கேட்டு சண்டை போடுவாரு. அப்படி இருந்தா நான் பைத்தியக்காரியாயிட்டுப் போறேன். ஹபீப் சிரிக்கட்டும். ஜீப் சத்தம். இல்ல, ஆட்டோ. எனக்கு ஜீப் சத்தம் தெரியும், ரெண்டாவது கியர்ல ஒரு இருமல் இருமும். இருமல்னு ஏன் நெனச்சேன்.

இப்ப வந்துருச்சு. கேட்டு கிரீச்சுங்குது. மெஷின் நடு ரூம்ல கெடக்கு, பக்கத்துல கேனு, தரையில கசிஞ்ச தண்ணி, ஒளிக்கக்கூட நேரம் இல்ல. பையோட உள்ள வந்தாரு. எனக்கு சிக்கன் பிரியாணி, வெங்காயம் தனியா, மறக்காம வாங்கியிருக்காரு. அவருக்கு ஒரே ஒரு பொட்டலம், ஆவி பறக்குது, கஞ்சி. காக்கிச்சட்டை தோளு ரெண்டும் எறங்கி கை பக்கம் தொங்குது. இந்தத் தொங்கல நான் தெனம் பாத்திருக்கேன். தரையப் பாத்தாரு, மெஷினப் பாத்தாரு, கேனப் பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு. என்ன பாப்பா, இன்னும் சரியாகலயா அதுன்னாரு. நான் என்னமோ சொல்ல வாயெடுத்து, ஏறுங்கண்ணேன்னு மட்டுந்தான் வந்துச்சு. பைய வச்சாரு, சாவிய வச்சாரு, செருப்பக் கழட்டுனாரு, ஏறுனாரு, எப்பவும் போல நேராப் பாத்து நின்னாரு. கீழ குனிஞ்சு நம்பர மட்டும் பாக்கவே மாட்டாரு, அது எங்க வேலையாம். அறுவத்திரெண்டு புள்ளி மூணு. நான் வாசிக்கல.

"மெஷின் சரியாத்தான் இருக்குண்ணே" ன்னேன்.

அவரு எறங்கல. ஃபேனப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"தெரியும் பாப்பா. ஜனவரியிலயே எனக்குத் தெரியும். பெல்ட்டு சொல்லிருச்சுல்ல. ஆனா நீங்க ரெண்டு பேரும் படிச்ச புள்ளைங்க, நீங்களே மெஷின்தான் கோளாறுன்னு எழுதுறப்ப ஒரு நிம்மதி. கேம்புக்கு கேம்பு ஏறுறப்ப மனசுக்குள்ள கேப்பேன், இன்னைக்கும் மெஷின்தான் கோளாறுன்னு சொல்லிருங்கப்பான்னு. நீங்களும் சொல்லிருவீங்க. அந்த வாரம் போயிரும்."

அவரு நிம்மதிக்கு நான் புள்ளி வச்சு நம்பர் போட்டிருக்கேன். ஒண்ணு புள்ளி ரெண்டு, ரெண்டரை, மூணு புள்ளி எட்டு. அண்ணே, பொண்ணுக்குத் தெரியுமான்னு கேட்டேன். இல்ல, பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்னாரு. பரீட்சை முடிஞ்சுருச்சேண்ணேன்னேன். முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, அவருக்கும் தெரியும், சும்மா தலைய ஆட்டுனாரு. மணி ஒண்ணு அஞ்சு. ஓபி ஒன்றரை வரைக்கும், ஜீப்புல போனா பதினஞ்சு நிமிசம். விரலக் கழுவிட்டு வாங்கண்ணேன்னேன். எதுக்குன்னு அவரு கேக்கல. பத்து மாசமா ஜீப்புல சாஞ்சு நின்னு ஆயிரம் பேரு செய்யறதப் பாத்தவருக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. கழுவிட்டு வந்து திரும்ப மெஷின் மேலயே ஏறி நின்னாரு, பழக்கம், நான் எறங்கச் சொல்லல. நான் ஒரு கையில போன் போட்டேன், மேடம் எடுத்து என்ன எஸ்தர், கண்டுபிடிச்சியான்னாங்க. "ஊரு குண்டாகல மேடம். ஒருத்தர கூட்டிட்டு வர்றேன், கெளம்பிறாதீங்க" ன்னேன். யாருன்னு கேட்டாங்க. நான் எதிர்ல பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு விரல் போச்சு. ரெண்டாவது விரல் கொஞ்சம் கஷ்டப்பட்டு, கண்ண மூடிக்கிட்டு, போச்சு. மூணாவது விரல் பல்லுல முட்டி நின்னுச்சு. அவரு கண்ணத் தொறந்தாரு. விரல எடுக்காம, எப்பவும் நிக்கிற மாதிரியே நேரா, ஆடாம, நான் எத்தனைன்னு சத்தமா வாசிக்கிறதுக்காக நின்னுக்கிட்டிருந்தாரு.

"ரெண்டுண்ணே" ன்னேன்.